புகையான் குஞ்சு: வயதைப் பார்த்து மருந்தை முடிவு செய்யுங்கள்

நெல் வயலின் நடுவே வட்டம் வட்டமாகப் பயிர் தீய்ந்து நின்றால், புகையான் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வட்டம் தெரிகிற நேரத்தில் பாதி வேலை கைமீறிப் போயிருக்கும். அதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, இறக்கை முளைக்காத சின்னஞ்சிறு பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்து சாறு உறிஞ்சத் தொடங்கிவிட்டன. இவைதான் புகையானின் குஞ்சுகள். அவற்றை அடையாளம் கண்டு, என்ன வயது என்று சொல்லத் தெரிந்தால், எப்போது மருந்து தேவை, எது தேவை, எப்போது தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிடலாம்.

குஞ்சு வேறு, புழு வேறு

தண்டுத்துளைப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி என்று நான்கு நிலை. புழு தண்டைக் குடைந்து தின்னும். அந்துப்பூச்சி பயிரைத் தின்பதில்லை. இரண்டும் வெவ்வேறு உருவம், வெவ்வேறு வாழ்க்கை.

புகையானில் கூட்டுப்புழு என்ற நிலையே கிடையாது. முட்டையிலிருந்து வெளிவருவது தாயைப் போலவே ஆறு கால், அதே ஊசி வாய், அதே பசியோடு வருகிறது. இல்லாதவை இரண்டுதான்: இறக்கை, இனப்பெருக்க உறுப்பு. தோலுரிக்க உரிக்க உடல் பெருக்கிறது, இறக்கை மொட்டு நீள்கிறது, கடைசித் தோலுரிப்பில் முழுப் பூச்சியாகிறது. வெட்டுக்கிளி, கரப்பான், மூட்டைப்பூச்சி, அசுவினி, தத்துப்பூச்சி, கதிர்நாவாய்ப்பூச்சி எல்லாம் இந்த வகைதான். தட்டானும் இப்படித்தான் வளர்கிறது, ஆனால் அதன் குஞ்சு தண்ணீருக்குள் வாழும். தாயைப் போல் துளியும் இருக்காது என்பதால் பலர் அதை வேறு பூச்சி என்றே நினைப்பார்கள். வெள்ளை ஈயில் கடைசிக் குஞ்சுப் பருவம் அசையாமல், கூட்டுப்புழு போலவே கிடக்கும். அதுவும் ஒரு விதிவிலக்கு.

இந்த வேறுபாட்டால் நடைமுறையில் என்ன பயன் என்றால், புகையானின் குஞ்சும் தாயும் (அதாவது முழு வளர்ச்சி பெற்ற பூச்சியும்) ஒரே இடத்தில் ஒரே உணவை உண்கின்றன. ஆகவே ஒரு தூரைத் தட்டினால் மொத்தக் குடும்பமும் கண்ணில் படும். எத்தனை குஞ்சு, என்ன வயது, எத்தனை தாய் என்று அங்கேயே கணக்கெடுக்கலாம். தண்டுத்துளைப்பானில் இது முடியாது, தண்டைப் பிளந்துதான் பார்க்க வேண்டும்.

தோல் உரிந்தால்தான் வளர்ச்சி

பூச்சியின் தோலே அதன் எலும்புக்கூடு. கைட்டின் என்ற பொருளும் புரதமும் சேர்ந்த அந்தத் தோல் கெட்டியானபின் அதிகம் விரியாது. உள்ளே உடல் பெருக்க இடம் போதாமல் போகும்போது, பழைய தோலுக்கு அடியில் புதுத்தோல் ஒன்று மடிப்பு மடிப்பாக உருவாகிறது. பிறகு முதுகு நடுவே பழைய தோல் பிளக்க, குஞ்சு வெளியே வந்து, காற்றை உள்ளிழுத்து உடலை உப்பவைத்து, தோல் கெட்டியாகும்வரை வெளிறி, மெத்தென்று இருக்கும். இரண்டு தோலுரிப்புகளுக்கு இடைப்பட்ட காலம் ஒரு பருவம். புகையான் குஞ்சுக்கு இப்படி ஐந்து பருவங்கள்.

எப்போது உரிப்பது, உரித்தபின் குஞ்சாகவே தொடர்வதா, தாயாவதா என்பதை இரண்டு ஹார்மோன்கள் முடிவு செய்கின்றன. எக்டைசோன் தோலுரிக்கச் சொல்கிறது. இளமை ஹார்மோன் ‘இன்னும் குஞ்சாகவே இரு’ என்கிறது. கடைசிப் பருவத்தில் இளமை ஹார்மோன் வற்றியதும், அடுத்த உரிப்பில் முழுப் பூச்சி வருகிறது. இங்கிலாந்தின் வின்சென்ட் விக்கிள்ஸ்வர்த் 1930களில் ரோட்னியஸ் என்ற ரத்தம் குடிக்கும் பூச்சியின் குஞ்சுகளை வைத்து இதை வெளிக்கொண்டு வந்தார். அந்தக் குஞ்சு வயிறு நிறைய ஒருமுறை குடித்தால் ஒருமுறை தோலுரிக்கும். ஆகவே நாள் கணக்கு தப்பாது. எந்த நாளில் தலையைத் துண்டித்தால் உரிப்பு நிற்கிறது, எந்த நாளுக்குப் பிறகு துண்டித்தாலும் உரிப்பு தொடர்கிறது என்று பார்த்து, கட்டளை தலையிலிருந்து வருவதை நிறுவினார்.

அதற்குப் பின் வந்த கதை இன்னும் சுவையானது. செக் ஆய்வாளர் கரேல் ஸ்லாமா 1960களின் நடுவில் ஹார்வர்டில் கரோல் வில்லியம்ஸின் ஆய்வகத்துக்கு, பிராகிலிருந்து ஒரு வகை நாவாய்ப்பூச்சியைக் கொண்டு போனார். பிராகில் ஒழுங்காக வளர்ந்த பூச்சி அமெரிக்காவில் ஐந்தாம் பருவம் முடிந்தும் தாயாகாமல், ஆறாவதாக ஒரு குஞ்சுப் பருவத்துக்குப் போய், முதிராமலே செத்தது. தேடிப் பார்த்தால் காரணம் வளர்ப்புக் கிண்ணத்தில் விரித்திருந்த காகிதத் துண்டு! பால்சம் ஃபர் என்ற அமெரிக்க மரத்தின் கூழில் இளமை ஹார்மோனைப் போலவே செயல்படும் பொருள் இருந்தது. அமெரிக்க நாளிதழ்த் தாளிலும் அந்தச் சக்தி இருந்தது, ஐரோப்பியத் தாளில் இல்லை. பூச்சியின் வளர்ச்சியைக் குழப்பியே அதைக் கட்டுப்படுத்தலாம் என்ற எண்ணத்துக்கு இது பெரிய உந்துதல் தந்தது. இன்று வெள்ளை ஈக்குத் தெளிக்கும் பைரிப்ராக்சிஃபென் அந்த வழியில் வந்த மருந்து.

புகையானுக்குத் தெளிக்கும் புப்ரோஃபெசின் அதே குடும்பமல்ல. அது ஹார்மோனைத் தொடுவதில்லை, கைட்டின் உருவாவதைத் தடுக்கிறது. விளைவு: புதுத்தோல் சரியாக அமையாமல், பழைய தோலிலிருந்து வெளிவர முடியாமல் குஞ்சு சாகிறது. வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டினும் தோலுரிப்பைக் குலைக்கும், கூடவே உண்ணவும் விடாது.

முட்டையிலிருந்து இறக்கை வரை

தாய்ப்பூச்சி இலையுறையைக் கீறி, திசுவுக்குள் வரிசையாக முட்டை வைக்கும். வெளியே பழுப்பான நீளக் கீறல் மட்டும் தெரியும். ஏழு முதல் பத்து நாளில் பொரிக்கும். குஞ்சுப் பருவம் ஐந்தும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு வாரம். ஒரு பருவம் இரண்டு, மூன்று நாள். 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் இதற்குத் தோதான வெப்பம்.

முதல் பருவக் குஞ்சு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, வெண்மையாக இருக்கும். வெறுங்கண்ணுக்குத் தூசி போலத்தான் தெரியும். இரண்டாம் பருவத்தில் பழுப்பு ஏறத் தொடங்கும். மூன்றாம் பருவத்தில் மார்பின் இருபுறமும் இறக்கை மொட்டு புலப்படும். நான்கில் அது தெளிவாகும். ஐந்தாம் பருவத்தில் உடல் மூன்று மில்லிமீட்டரை நெருங்க, முன் இறக்கை மொட்டு பின் மொட்டின் மேல் படிந்து நிற்கும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று சட்டைப்பையில் இருந்தால் போதும். மொட்டு இல்லாதவை, மொட்டு உள்ளவை என்று இரண்டாகப் பிரித்தாலே முக்கால்வாசி முடிவு எடுத்துவிடலாம். ஒவ்வொரு பருவமாகப் பிரிப்பது ஆய்வகத்துக்குத்தான் தேவை.

ஐந்தாம் பருவம் முடிந்து வெளிவரும் தாய் இரண்டு விதம். நீள இறக்கை உள்ளது பறந்து போய்ப் புது வயல் தேடும். குட்டை இறக்கை உள்ளது பறக்காது, வயிறு பருத்து அதே தூரில் தங்கி நிறைய முட்டையிடும். எந்த விதம் என்பது குஞ்சாக இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. நெரிசலில் வளர்ந்த குஞ்சுகளில் நீள இறக்கை கூடுகிறது என்பதை ஜப்பானின் ரியோய்தி கிசிமோடோ 1950, 60களில் காட்டினார். 2015-இல் சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இன்சுலின் ஏற்பிகள் இரண்டு இந்த முடிவுக்குப் பின்னால் இருப்பதை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள்: ஒன்று நீள இறக்கைக்கு இழுக்கிறது, மற்றது அதைத் தடுத்துக் குட்டை இறக்கையாக்குகிறது.

வயலில் இதற்குப் பொருள் இதுதான். நட்ட சில வாரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீள இறக்கைப் பூச்சி தென்பட்டால் அவை வெளியிலிருந்து வந்த விருந்தாளிகள். அவற்றின் குஞ்சுகளை இன்னும் பத்து நாளில் எதிர்பாருங்கள். குட்டை இறக்கை, பருத்த வயிறு உள்ளவை தூருக்குத் தூர் இருந்தால் அடுத்த தலைமுறை அங்கேயே வெடிக்கப் போகிறது. இதுதான் ஆபத்தான அடையாளம். நெரிசலுக்கு நடுவே மறுபடி நீள இறக்கை பெருகினால் கூட்டம் கிளம்பப் போகிறது, பக்கத்து வயலுக்குச் சொல்லி வையுங்கள். விளக்குப்பொறியை நம்பி இருப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: பொறிக்கு வருவது நீள இறக்கை மட்டுமே. குஞ்சும் குட்டை இறக்கையும் எட்டிப் பார்க்காது. பொறி காலியாக இருக்க, தூர் நிறைந்திருக்கலாம்.

எதைப் பார்த்து எதுவென்று மயங்குகிறோம்

தூரைத் தட்டினால் விழுவதெல்லாம் புகையான் அல்ல. நான்கைப் பிரித்தறிய வேண்டும்.

புகையான் குஞ்சு தடித்த உடல், பழுப்பு. தொட்டால் தண்டைச் சுற்றிப் பக்கவாட்டில் நகரும், இன்னும் தொந்தரவு செய்தால் குதிக்கும். பின்னங்காலின் நுனிப்பக்கம் அசையக்கூடிய பெரிய முள் ஒன்று இருக்கும். லென்ஸில் பார்த்தால் தவறவே தவறாது. உணர்கொம்பு குட்டை, அடி தடித்து நுனி மயிர் போல இருக்கும்.

வெண்முதுகுத் தத்துப்பூச்சியின் குஞ்சுக்கும் அதே முள் உண்டு. ஆனால் முதுகு சாம்பலும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும், தலை சற்றுக் கூர்மை. இது பெரும்பாலும் பயிரின் இளம் பருவத்தில் வரும்.

பச்சைத் தத்துப்பூச்சியின் குஞ்சு இலைப்பகுதியில் மேலே இருக்கும், பச்சை கலந்த மஞ்சள். பின்னங்காலில் ஒற்றை முள்ளுக்குப் பதிலாக வரிசையாகச் சிறு முட்கள்.

நான்காவதுதான் முக்கியம், ஏனென்றால் அது நம் ஆள். பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியின் குஞ்சு வெளிர்பச்சையாக, நீண்ட மெல்லிய உணர்கொம்போடு, தண்டில் மேலும் கீழும் வேகமாக ஓடும், குதிக்காது. இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டையை ஊசி வாயால் குத்திக் குடிப்பதே அதன் பிழைப்பு. எந்தத் தெளிப்பும் எட்டாத முட்டையை எட்டுவது இதுவும், முட்டைக்குள் முட்டையிடும் சின்னஞ்சிறு குளவிகளும்தான். இதைப் புகையான் என்று எண்ணி எண்ணிக்கையில் சேர்த்து, மருந்தடித்துக் கொல்வது அடிக்கடி நடக்கும் தவறு.

எண்ணுவது எப்படி

காலையில், வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக நடந்து 20 குத்துகளைப் பாருங்கள் (ஓரிடத்தில் நட்ட நாற்றிலிருந்து கிளைத்த தூர்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு குத்து). வரப்போரக் குத்துகளை விட்டுவிடுங்கள். புகையான் ஈரமும் நிழலும் உள்ள உட்பகுதியில்தான் முதலில் சேரும். குத்தை ஒரு பக்கம் சாய்த்து அடித்தண்டில் கையால் நான்கைந்து தட்டு தட்டினால் பூச்சிகள் தண்ணீரில் விழும். தண்ணீர் இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத் தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கீழே பிடியுங்கள். புகையானையும் சிலந்தியையும் தனித்தனியே எழுதுங்கள், தூர்களையும் எண்ணுங்கள்.

20 குத்தில் 300 தூர், விழுந்த புகையான் 240 என்றால் தூருக்கு 0.8. பொருளாதாரச் சேத நிலை (மருந்தடிக்க வேண்டிய எண்ணிக்கை வரம்பு) என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது, சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒன்று; குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு. 0.8-இல் மருந்து வேண்டாம். ஆனால் அந்த 240-இல் பெரும்பகுதி மொட்டில்லாத குஞ்சாக இருந்தால் பொரிப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. மூன்று நாளில் மறுபடி எண்ணுங்கள். பெரும்பகுதி மொட்டுள்ள குஞ்சாக இருந்து மிரிட் பூச்சியும் நிறைய இருந்தால், ஒரு வாரம் பொறுக்கலாம்.

குஞ்சு வளர்வதை நேரில் பார்க்க விரும்பினால், ஒரு தூரை வேரோடு பிடுங்கி, வேரை ஈரப்பஞ்சில் சுற்றி, கண்ணாடிக் குழாயில் வைத்து, மொட்டில்லாத குஞ்சு ஒன்றை விட்டு வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். தினமும் உரிந்த வெள்ளைத் தோலை எண்ணி எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் மறுநாள் எது புதிது, எது பழையது என்று தெரியாது. தூர் வாடினால் மாற்ற வேண்டும், வாடிய தூரில் வளர்ச்சி தாமதமாகும். ரகங்களின் எதிர்ப்புத்திறனைச் சோதிப்பதும் ஏறக்குறைய இதே அடிப்படையில்தான்: தட்டில் வளர்த்த நாற்றுகளின் மேல் இரண்டாம், மூன்றாம் பருவக் குஞ்சுகளை விட்டு, எளிதில் பாதிக்கப்படும் டி.என். 1 ரக நாற்று சாகும்போது மற்றவை எப்படி இருக்கின்றன என்று 0 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள்.

மருந்துக்கு முன்

நடும்போதே எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டால் காற்றும் வெயிலும் அடித்தண்டுக்குப் போகும், பின்னால் தெளிக்க வரவும் வழி இருக்கும். தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டாமல், இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பிரித்துப் போடுங்கள். தழைச்சத்து ஏறிய சாற்றில் குஞ்சு அதிகம் பிழைக்கும், தாய் அதிகம் முட்டையிடும். பூச்சி ஏறுவது தெரிந்தால் தண்ணீரை மூன்று, நான்கு நாள் வடித்துவிட்டு மறுபடி கட்டுங்கள். நிரந்தரமாகக் காயவிடுவது நல்லதல்ல. தண்ணீர் மேல் ஓடித் திரியும் சிறு பூச்சிகள், தவறி விழும் குஞ்சுகளைப் பிடித்துத் தின்கின்றன. தண்ணீர் போனால் அவையும் போய்விடும்.

எதிர்ப்பு ரகம் நல்ல துணை, நிரந்தரத் தீர்வல்ல. பிலிப்பைன்ஸில் 1973-இல் வெளியான ஐ.ஆர். 26 ஓரிரு ஆண்டுகளிலேயே தோற்றது. ஒற்றை மரபணுவின் எதிர்ப்பைப் பூச்சி சீக்கிரம் கடந்துவிடும். கேரளத்தின் பட்டாம்பியில் உருவான பி.டி.பி. 33 போல ஒன்றுக்கு மேற்பட்ட மரபணு கொண்டவை நீடித்து நிற்கின்றன.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. இலைச்சுருட்டுப் புழுவுக்கு என்று பைரித்ராய்டு வகை மருந்தையோ குயினால்பாஸையோ அடிப்பது. அது சிலந்தியையும் மிரிட் பூச்சியையும் கொன்று, புகையானை மட்டும் தப்பவிடும். சில மருந்துகளின் குறைந்த அளவு தாய்ப்பூச்சியின் முட்டை எண்ணிக்கையைக்கூடக் கூட்டுகிறது. இந்தோனேசியா இதை நாட்டளவில் அனுபவித்து, 1986-இல் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்தது.

மருந்து தேவைப்பட்டால்

எண்ணிக்கை வரம்பைத் தாண்டி, மொட்டில்லாத குஞ்சுகள் அதிகம் என்றால் புப்ரோஃபெசின் 25 எஸ்.சி. (25 சதவீத மருந்துள்ள திரவ வகை) பொருத்தம். ஏக்கருக்கு 320 மி.லி., 200 லிட்டர் தண்ணீரில். அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 16 மி.லி. சாவு உடனே தெரியாது. குஞ்சு அடுத்த உரிப்பு வரை உயிரோடு இருக்கும், சாறும் குடிக்கும். மூன்று முதல் ஏழு நாள் ஆகும். மறுநாள் வயலுக்குப் போய்ப் பார்த்து, ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று வேறொன்றை வாங்கி அடிப்பதுதான் இதில் வழக்கமான இழப்பு. தாய்ப்பூச்சியை இது கொல்லாது.

ஆகவே குஞ்சும் தாயும் கலந்து, தீய்ந்த வட்டம் தொடங்கிவிட்ட வயலில் புப்ரோஃபெசினை மட்டும் நம்பக்கூடாது. அங்கே பைமெட்ரோசின் 50 டபிள்யூ.ஜி. (தண்ணீரில் கரைக்கும் குருணை வகை) ஏக்கருக்கு 120 கிராம் அடிக்கலாம். இதிலும் பூச்சி சில நாள் கழித்தே சாகும், ஆனால் உறிஞ்சுவதைச் சீக்கிரமே நிறுத்திவிடும். பயிருக்கு வேண்டியது அதுதான். எண்ணிக்கை வரம்பை நெருங்கும் நிலையிலேயே தொடங்குபவர்கள் ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். வெயிலில் அடித்தால் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துவிடும். எதைத் தெளித்தாலும் அடுத்த முறை வேறு வகை மருந்துக்கு மாறுங்கள். அறுவடைக்கு முன் விட வேண்டிய நாளை லேபிளில் பாருங்கள்.

மருந்தைவிட அதிகம் சொதப்புவது தெளிக்கும் விதம். பூச்சி இருப்பது தண்ணீர் மட்டத்துக்கு மேலே நாலு விரற்கடையில். நாசிலை மேலே பிடித்துப் பயிரின் தலையை நனைத்தால் இலைதான் குளிக்கும். தண்ணீரை வடித்துவிட்டு, பயிரை விலக்கி, நாசிலைத் தாழ்த்தி அடித்தண்டில் படும்படி அடிக்க வேண்டும். தண்ணீர் அளவைப் பாதியாகக் குறைத்து ‘கெட்டியாக’ அடிப்பதும் பயன் தராது, கீழே சொட்டாது.

தெளித்த ஐந்தாம் நாள் அதே 20 குத்து முறையில் மறுபடி எண்ணுங்கள். தோல் பாதி உரிந்த நிலையில், முதுகில் பழைய தோல் ஒட்டிக்கொண்டு செத்த குஞ்சுகள் தண்ணீரில் மிதந்தால் புப்ரோஃபெசின் வேலை செய்திருக்கிறது. மொட்டுள்ள குஞ்சுகள் அப்படியே நடமாடினால் மருந்து அடித்தண்டை எட்டவில்லை, அல்லது அந்த ஊர்ப் பூச்சி அதற்குப் பழகிவிட்டது. பெரியவை மறைந்து, வெள்ளைத் தூசி போல முதல் பருவக் குஞ்சுகள் மட்டும் புதிதாகத் தெரிந்தால் பதற வேண்டாம். தெளிப்பின்போது இலையுறைக்குள் இருந்த முட்டைகள் இப்போது பொரிக்கின்றன. பத்தாம் நாள் வரை பொறுத்து, மிரிட் பூச்சியையும் சிலந்தியையும் சேர்த்து எண்ணியபிறகே இரண்டாவது தெளிப்பு தேவையா என்று முடிவு செய்யுங்கள்.